மென்பொருள் ஆவணங்களில் தமிழ்: உரைத்தொகுப்பிகள் செய்யவேண்டியது

ஒரு மென்பொருளை எழுதியவர் நாட்டைவிட்டுப் போய்விட்டால், அடுத்தவருக்கு எஞ்சுவது அவர் எழுதிவைத்த ஆவணம் மட்டுமே. இடம்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்த எமக்கு, எழுத்திலுள்ள ஆதாரத்தின் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

பைதன் மொழியின் ஆவணங்கள் 2008 முதல் ஸ்பிங்ஸ் என்ற கருவியால் தயாராகின்றன. மூலக்கோப்பு வெறும் உரைதான். ஆனால் அதற்கு இறுக்கமான விதிகள் உண்டு. தலைப்பின் கீழ் இடும் கோடு தலைப்பைவிடக் குறுகக்கூடாது.

இங்குதான் தமிழ் இடறுகிறது. ‘தமிழ்’ எமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறியீடுகள். மூன்று கோடுகள் இட்டால் அது தலைப்பாகாது, சாதாரண உரையாகிவிடும். காரணம் புரியாதவர் ஆங்கிலத்துக்கே திரும்புவார்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. இமாக்ஸ் தொகுப்பி தலைப்புக் கோட்டைச் சரிசெய்து தருகிறது. 2016இல் மைக்ரோசொப்ட் அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறை, ஒருமுறை எழுதிய சரிபார்ப்பைப் பல தொகுப்பிகளிலும் பயன்படுத்த வழி திறந்தது.

ஆகவே புதிய தொகுப்பி ஒன்றை நான் கேட்கவில்லை. தமிழ்த் தலைப்புக்கேற்பக் கோட்டை நீட்டுதல், உடைந்த இணைப்பை எழுதும்போதே காட்டுதல், எச்சரிக்கையைத் தமிழில் சொல்லுதல் ஆகிய மூன்றையே கேட்கிறேன். இமாக்சும் ஸ்பிங்சும் திறந்த மூலக் கருவிகள். மாற்றுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ கணினி கற்கும் மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை இது. தமிழில் எழுதுவது இலகுவானால்தான், அவர்கள் ஆக்கும் மென்பொருளை அவர்களுக்குப் பின்வருவோர் தமிழிலேயே படித்து இயக்குவர்.