டூமா அனுப்பிய சாம்பிள்

2022-ல் மணிரத்னம் படம் வந்ததிலிருந்து இந்த வியாதி ரொம்பப் பரவிவிட்டது. யாராவது ‘பொன்னியின் செல்வன்’ என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் ஒருவர் மெல்லச் சிரித்தபடி, “எல்லாம் அலெக்ஸாண்டர் டூமாகிட்ட அடிச்ச காப்பி சார்” என்கிறார். ‘த்ரீ மஸ்கெட்டீர்ஸ்’ படித்திருக்கிறீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் வரவு செலவைப் பார்த்துவிடுகிறேன்.

கடன் உண்டு. ஒளிக்க வேண்டியதில்லை. 1844-ல் பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. பையில் காசு கம்மி, வாயும் வாளும் நீளம். அப்படி ஓர் இளைஞன் கடிதத்தோடு குதிரையேறித் தலைநகருக்குப் போகிறான். வழியெல்லாம் வம்பு. சண்டைக்கு நின்றவர்களே நண்பர்களாகிறார்கள். அரண்மனைக்குள் சதி, அழகான ஒருத்தியின் மனசுக்குள் விஷம். 1950-ல் வந்தியத்தேவன் ஓலையோடு கிளம்பியபோது அந்தக் குதிரையின் குளம்படி கேட்கத்தான் செய்தது. அடுத்த இதழ் வரை நகத்தைக் கடிக்கவைக்கும் தந்திரமும் அந்த ஊர்ச் சரக்குதான்.

அதனால் காப்பியா? எங்க ஊர் திருப்பூருக்கு வந்து இதைச் சொல்லிப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து பையர் சாம்பிள் அனுப்புவார். கழுத்து, கை, நீளம் எல்லாம் அவர் சொன்னபடி. அது வெறும் அளவு சார்! நூல் என்ன கவுண்ட், துணி எத்தனை ஜிஎஸ்எம், சாயம் நிற்குமா, துவைத்தால் சுருங்குமா... இதிலெல்லாம் தேறினால்தான் பெட்டி தூத்துக்குடிக்குப் போகும்.

கல்கியின் நூல் எங்கிருந்து வந்தது? நீலகண்ட சாஸ்திரியிடமிருந்து, சதாசிவ பண்டாரத்தாரிடமிருந்து, கல்வெட்டுகளிலிருந்து. கதைக்காக இலங்கைக்கே போய்ப் பார்த்தார். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்களின் சொந்தபந்தங்களுடைய நிலம் பறிபோன கணக்கைப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சுற்றித்தான் ஐந்து பாகமும். கதை தொடங்குகிற வீரநாராயண ஏரியும் அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான். இதை எந்த டூமா கொடுத்தார்?

அந்த டூமாவும் லேசுப்பட்டவரில்லை. 1700-ல் வந்த, பாதி கற்பனையான ஒரு ‘நினைவுக் குறிப்பி’லிருந்து தன் நாயகனைத் தூக்கினார். மர்சேய் நூலகத்தில் இரவல் வாங்கிய அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரவேயில்லை என்பார்கள். கூட உட்கார்ந்து உழைத்த ஒகுஸ்த் மாக்கேயின் பெயர் அட்டையில் இல்லை. மனிதர் கோர்ட்டுக்குப் போனார். பணம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. பீஸ் ரேட் டெய்லருக்கு லேபிளில் இடம் உண்டா என்ன?

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். கல்கிக்குப் பிறகு வந்த சரித்திர நாவல்களில் முக்கால்வாசி, சாம்பிளைப் பார்த்து அடித்த சாம்பிள். சாண்டில்யனை விட்டுவிடுங்கள், அவர் கடலில் இறங்கிக் கப்பல் ஓட்டியவர். மற்றவர்கள் டூமாவையும் படிக்கவில்லை, கல்வெட்டுப் பக்கமும் போகவில்லை. அதே குதிரை, அதே சுரங்கப்பாதை, அதே நிலா, அதே இளவரசி.

நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. திருப்பூரிலிருந்து காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பதிற்றுப்பத்தில் பெயர் வருகிற ஊர். தோண்டியபோது மணிக்கற்கள், இரும்பு உருக்கிய உலை, தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் கிடைத்தன. சேரநாட்டுத் துறைமுகத்துக்கு மணி கொண்டுபோன ஒரு வியாபாரி, வழியில் நாலு கொள்ளைக்காரன், இடுப்பில் ஒரு கத்தி... டூமா கையில் கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா? நம்ம எழுத்தாளரோ ஏணியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தஞ்சாவூர்க் கோட்டைச் சுவரில்தான் சாத்துகிறார்.