நாற்றிடம் கதிர் கேட்கலாமா?

அகதியாக வந்த வைத்தியர் ஒருவர், தாம் வைத்தியர் என்பதை உலகுக்கு மெய்ப்பிக்க எத்தனை உயிர்களைக் காத்துக் காட்டவேண்டும்? கனடாவின் சி.ரி.வி. தொலைக்காட்சி 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ட்ரான்ஸ்பிளான்ற்’ என்னும் வைத்தியசாலை நாடகத்தைப் பார்ப்போர் மனத்தில் எழவேண்டிய வினா இதுவாகும்.

சிரியாவில் வைத்தியராயிருந்த பஷீர் ஹமெட், போருக்குத் தப்பித் தம் தங்கையுடன் ரொறன்ரோ நகரில் வாழ்கின்றார். கற்ற கல்வி அங்கே செல்லாக் காசாகிவிட, உணவுச்சாலையொன்றில் வேலை செய்கின்றார். ஒருநாள் பாரவூர்தியொன்று அச்சாலைக்குள் பாய்கின்றது. காயமுற்றோரைக் காக்க முனைகின்றார் பஷீர். அவர்களுள் ஒருவர், பெரிய வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பகுதித் தலைவர். தச்சுவேலைக்குரிய துளைகருவியால் அவர் மண்டையோட்டைத் துளைத்து உயிரை மீட்கின்றார். பிழைத்தெழுந்த தலைவர், பஷீருக்குப் பயிற்சி வைத்தியர் பதவி வழங்குகின்றார்.

இந்நாடகத்தின் நற்பண்புகளை மறைத்தல் நேர்மையன்று. 2001 செப்டெம்பருக்குப் பின்னர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் முஸ்லிம்கள் பயங்கரவாதிகளாகவே அடிக்கடி சித்திரிக்கப்பட்டனர். ‘24’ என்னும் தொடர் இதற்கொரு சான்று. இங்கோ முஸ்லிம் ஒருவரே கதாநாயகர். அவருடைய சமயம் அவர்மீது சாட்டப்பட்ட குற்றமாக நிற்கவில்லை. அப்பாத்திரத்தை ஏற்ற ஹம்சா ஹக், பாகிஸ்தானியப் பெற்றோரின் புதல்வர். 2021இல் கனடியத் திரை விருது பெற்றவர். இவையெல்லாம் போற்றத்தக்கவையே.

ஆயினும் அரசியலை அணுகும் இடத்தில் நாடகம் வழுவிவிடுகின்றது. பஷீருக்குக் கதவைத் திறந்தது யாது? சட்டமா, விதியா? இல்லை, ஒரு பெரிய மனிதரின் நன்றியுணர்ச்சி! அப்படியாயின், அடுத்த தெருவிலே கோப்பை கழுவிக்கொண்டிருக்கும் வேறொரு சிரிய வைத்தியரின் கதி என்ன? அவருடைய கடைக்குள் பாரவூர்தி பாயவில்லையே!

2015 நவம்பர் தொடக்கம் 2016 பெப்ரவரி முடியும்வரை 25,000க்கு மேற்பட்ட சிரிய அகதிகளைக் கனடா வரவேற்றது. நன்றி கூறவேண்டிய செயல் அது. ஆனால், உயிருக்கு அடைக்கலம் கொடுத்தல் வேறு. கற்ற தொழிலுக்கு இடங்கொடுத்தல் வேறு. பிறநாட்டிற் பட்டம் பெற்ற வைத்தியர், அங்குள்ள பரீட்சைகளில் தேறினாலும், பெரும்பாலும் பயிற்சியிடம் ஒன்று கிடைத்தபின்னரே தொழில் செய்ய முடியும். அவ்விடங்களோ எண்ணி அளந்து வைக்கப்பட்டவை.

தமிழருக்கு இது அயலார் கதையன்று. 1983க்குப் பின் ரொறன்ரோவை அடைந்த எம்மவருள், இங்கே ஆசிரியராயும் கணக்காளராயும் இருந்தோர், அங்கே உணவுச்சாலைகளிற் பாத்திரம் துலக்கிய வரலாற்றை நாம் அறிவோம்.

“தகுதியைச் சோதியாமல் நோயாளியின் உயிரை ஒருவர் கையில் ஒப்படைக்கலாமா?” என்று சிலர் வினவலாம். ஒப்படைக்கலாகாது. சோதிக்கட்டும், கடுமையாகவே சோதிக்கட்டும். சோதனையில் தேறியவருக்கு வழி திறந்திருக்கவேண்டும் என்பதே எமது வாதம். தேறிய பின்னரும் ஒருவரை வாயிற்படியில் நிறுத்தி, பிறர் தயவுக்குக் காத்திருக்கச் செய்வதை எந்த நீதியில் சேர்ப்பது?

‘ட்ரான்ஸ்பிளான்ற்’ என்ற சொல், ஓர் உடலின் உறுப்பை வேறோர் உடலிற் பொருத்துவதைக் குறிக்கும். நாற்றைப் பிடுங்கி நடுவதையும் குறிக்கும். பின்னைய பொருளை எமது கமக்காரருக்கு விளக்கவும் வேண்டுமோ? பிடுங்கி நட்ட நாற்று முதற் சில நாட்கள் வாடியே நிற்கும். சேறும் நீரும் பெற்று வேர் பிடித்த பின்னரே அது தழைக்கும். “முதலிற் கதிரைக் காட்டு, பின்னர் வயலில் இடந்தருகின்றேன்” என்று எந்தக் கமக்காரனும் நாற்றைக் கேட்பதில்லை. அகதியிடம் மட்டுமே உலகம் அவ்வாறு கேட்கின்றது. அந்த அநீதியையே வீரகாவியமாக்கி எமக்குக் காட்டுகின்றது இந்நாடகம்.

நன்றிக்காக அளிக்கப்படுவது சலுகை. தகுதிக்காக அளிக்கப்படுவது உரிமை. சலுகை பெற்றவன், அளித்தவர் முகம் பார்த்தே காலங்கழிக்க நேரும். உரிமை பெற்றவன், நோயாளியின் முகம் பார்த்துப் பணி செய்வான். எத்தகைய வைத்தியனிடம் எம் உயிரை ஒப்படைக்க விரும்புகின்றோம் என்பதைச் சிந்தித்தால், விடை தானே விளங்கும்.