மெல்லியலாரும் பெரும்பளுவும்

பெண்பாலாரை மெல்லியலார் என்று வழங்குதல் நம் மொழியில் நெடுநாளாக உள்ள வழக்கு. அவ்வழக்கில் அன்பு உண்டு என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், சிறிது ஆராய்ந்து பார்ப்போமாயின், அதனுள் ஒரு தடையும் மறைந்திருத்தல் புலனாகும். மெல்லியவர் என்று ஒருமுறை பெயரிட்டுவிட்டால், வலியனவற்றின் அருகே அவர் செல்லலாகாது என்னும் விதியும் தானே பின்தொடரும் அன்றோ? இவ்விதி எத்துணைப் பொருந்தும் என்பதை, ஆந்திர நாட்டிற் பிறந்து உலக அரங்கில் இரும்பை உயர்த்திய ஸ்ரீமதி கர்ணம் மல்லேசுவரியாரின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவர் 1975-ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஸ்ரீகாகுளத்தைச் சார்ந்த ஒரு சிற்றூரில் வளர்ந்தவர். தந்தையார் இரயில்வே காவற்படையில் ஓர் எளிய ஊழியர். உடன்பிறந்த சகோதரிகளும் பளு தூக்கும் பயிற்சியில் ஈடுபட்டவர்களே. அவ்வூர்ப் பக்கத்தில் அப்பண்ணா என்னும் பயிற்றாசிரியர் நடத்திய கூடத்திற்குச் சிறுமி மல்லேசுவரி சென்றபோது, உடல் மிக மெலிந்துள்ளது என்று கூறி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மனமுடைந்து திரும்பிய மகளைத் தேற்றி, நீயும் வல்லாய் என்று ஊக்கியவர் அன்னையாரே. பெருஞ்செயல்கள் பல அரண்மனைகளிற் பிறப்பதில்லை. அடுக்களையில் ஒரு தாய் கூறும் சொல்லிற் பிறக்கின்றன.

உலகப் பளு தூக்கும் போட்டிகளில் அவர் 1993-ல் வெண்கலப் பதக்கம் பெற்றார். அடுத்து 1994-லும் 1995-லும் 54 கிலோகிராம் எடைப்பிரிவில் உலக முதன்மை எய்தினார். மணிப்பூரைச் சேர்ந்த குஞ்சராணி தேவியார் 1989-ல் மாஞ்செஸ்டர் நகரில் வெள்ளிப் பதக்கங்கள் பெற்று வழிகாட்டியிருந்தார்; அவ்வழியே சென்று சிகரத்தை அடைந்தவர் மல்லேசுவரியார்.

இங்கு நாம் சற்று நின்று நோக்கவேண்டும். உலகில் தம் பிரிவில் தமக்கு நிகரில்லை என்று இரண்டாண்டுகள் விளங்கிய அவருக்கு, 1996-ல் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இடம் இருந்ததா? இல்லை. அவர் தகுதியிற் குறைந்தாரல்லர்; பெண்களுக்குப் பளு தூக்கும் போட்டியே அங்கு வைக்கப்படவில்லை. ஆடவர்க்கு இப்போட்டி 1896-ல் ஏதென்சு நகரில் நடந்த முதற் பந்தயங்களிலேயே இருந்தது. பெண்களுக்கு அக்கதவு திறந்தது 2000-ஆம் ஆண்டிற் சிட்னி நகரில். இடையே கழிந்தவை 104 ஆண்டுகள். அத்தனை காலம் அக்கதவை மூடி வைத்திருந்தது பளுவின் கனமா, மனிதர் கருத்தின் கனமா என்பதை நம் வாசகரே தீர்மானிப்பாராக.

கதவு திறந்தபொழுது மல்லேசுவரியாருக்கு வயது 25. முன்னைய எடைப்பிரிவை விடுத்து, 69 கிலோகிராம் பிரிவில் அவர் போட்டியிடவேண்டியிருந்தது. அர்ச்சுனா விருது, கேல் ரத்னா, பத்மஸ்ரீ ஆகிய சிறப்புக்களை முன்னரே அளித்திருந்த நாட்டிலேயே, அவர் உடல் பருத்துவிட்டார், அவரை அனுப்புதல் வீண் என்று பத்திரிகைகள் சில எழுதின. சிறுமியாயிருந்தபோது மெலிந்தவள் என்றனர். வளர்ந்தபின் பருத்தவள் என்றனர். பெண்ணின் உடலைப் பார்த்து அளவு கூற எல்லோரும் முன்வருகின்றனர். அவ்வுடல் எதனைச் செய்யவல்லது என்று பொறுத்துப் பார்ப்பார் சிலரே.

செப்டம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் அவ்வேச்சுக்கு விடை கிடைத்தது. இப்போட்டியில் இருவகைத் தூக்கு உண்டு. முதலாவதில் பளுவைத் தரையினின்று ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்தவேண்டும். இரண்டாவதில் முதலில் தோளுக்கும், பின்னர்த் தலைக்குமேலும் உயர்த்தவேண்டும். ஒவ்வொன்றிலும் மும்முறை முயலலாம். மல்லேசுவரியார் முதல் வகையில் 110 கிலோகிராமும் இரண்டாம் வகையில் 130 கிலோகிராமும் ஆக 240 தூக்கி வெண்கலம் பெற்றார். சீனத்து லின் வெய்நிங்கும் அங்கேரி நாட்டு எர்செபெட் மார்க்குசும் தூக்கியவை 242.5. அப்பந்தயங்களில் இந்தியா பெற்ற பதக்கம் இஃதொன்றே. ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதற் பதக்கமும் இதுவே.

இறுதி முயற்சியில் அவர் 137.5 கிலோகிராம் தூக்க முற்பட்டுத் தவறினார். குறைவான எடையைக் கேட்டிருந்தால் பொன்னே கிட்டியிருக்கும் என்று கணக்கிடுவோர் உளர். 110-உடன் 135 சேர்ந்தால் 245 ஆகும் என்பதை நாமும் அறிவோம். முயற்சியின் அளவைத் தேர்ந்ததிற் பிழை இருந்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே வென்ற வெண்கலத்தோடு அமையாது மேலும் ஏழரைக் கிலோகிராம் வேண்டும் என்று மேடையேறிய நெஞ்சத்தை அக்கணக்கு அளக்குமோ? வெற்றிக்கு அருகிற் சென்று தவறியோரைக் குறைகூறும் பழக்கம் நம்மிடம் மிகுதி. மேடைக்கே செல்லாதோரை நாம் ஒருநாளும் குறைகூறுவதில்லை.

இத்தகைய வன்பயிற்சி பெண்மைக்கு ஊறு செய்யும் என்று கூறுவோர் இன்றும் சிலர் இருக்கின்றனர். நீர்க்குடங்களும், விறகுச் சுமையும், நாற்றுக் கட்டும் தலையிற் சுமந்து செல்லும் பெண்களை நாள்தோறும் கண்டும், அப்பெண்மைக்காக இவர்கள் வருந்தியதுண்டா? கூலிக்கும் குடும்பத்திற்கும் சுமந்தால் இயல்பு. புகழுக்குச் சுமந்தால் முறைகேடு என்பது என்ன நியாயம்? எங்ஙனம் ஆராயினும் இவ்வாதத்தில் நீதி இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

மல்லேசுவரியார் 2004-ல் ஏதென்சிலும் போட்டியிட்டார். அங்கு வெற்றி வாய்க்கவில்லை. பின்னர் அரியானாவின் யமுனா நகரிற் பயிற்சிக்கூடம் நிறுவினார். 2021-ல் தில்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு டோக்கியோ நகரில் மணிப்பூரின் மீராபாய் சானு 202 கிலோகிராம் தூக்கி வெள்ளி பெற்றார். ஒருவர் திறந்த வழியிற் பிறர் நடக்க 21 ஆண்டுகள் சென்றன. இத்தாமதம் வீராங்கனைகளின் குற்றமன்று. பயிற்சிக்கூடங்களை ஊர்தோறும் அமைக்காத நம் அனைவரின் குற்றமே.

ஆதலின், மாணவ சகோதரர்களே, சகோதரிகளே! பதக்கம் வந்தபின் மாலையிடுதல் எளிது. மெலிந்த சிறுமி ஒருத்தி பயிற்சிக்கூட வாயிலில் வந்து நிற்கும்போது, வருக என்று கதவைத் திறந்துவிடுதலே அரிது. நம் கல்லூரியிலும், நாளை நாம் பணிபுரியப்போகும் ஊர்களிலும், அவ்வரிய செயலைச் செய்ய உறுதி கொள்வோமாக. மெல்லியலார் என்னும் சொல் நம் இலக்கியத்தில் அழகாகவே விளங்கட்டும். விளையாட்டுக் களத்தின் வாயிலில் அது தாழ்ப்பாளாக நிற்கவேண்டா.