குளமில்லாத குளத்தில் ஒரு பெட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் பொட்டல்வெளியில் கிரான்மியர் குளம் என்று ஓர் இடம். பெயர்தான் குளம், தண்ணீர் கிடையாது. ஓகாம்ப்டன் நகர மேயர் ஒருவரின் ஆவியைச் சல்லடையால் குளத்தை இறைக்கும்படி தண்டித்தார்களாம். அவர் சல்லடையில் ஆட்டுத்தோலை விரித்து, மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டாராம். கதை எப்படியோ, இன்று மிஞ்சியிருப்பது வெறும் சேற்றுப் பள்ளம். அதைப் பார்க்கத்தான் 170 ஆண்டுகளாக மக்கள் மணிக்கணக்கில் நடக்கிறார்கள்.

காரணம் ஒரு பாட்டில். 1854-ல் சாக்ஃபோர்டைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் அதை அங்கே வைத்தார். வந்து சேர்ந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிறகு, சொந்த முகவரி எழுதிய தபால் கார்டை விட்டுவிட்டு வரும் பழக்கம் வந்தது. அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்க வேண்டும். 'லெட்டர்பாக்ஸிங்' என்ற பெயர் இப்படி வந்ததுதான். 1938-ல் எழுத்தாளர் வில்லியம் கிராஸிங் நினைவாக டக்ஸ் பூலில் இன்னொரு பெட்டி. இன்றோ பாறை இடுக்குகளில் ஏராளமான பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு நோட்டு.

இதே ஆட்டத்துக்கு 2000-ல் இன்னொரு அவதாரம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழையை அமெரிக்க அரசு மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்துவைத்து, இருப்பிடத்தை இன்டர்நெட்டில் அறிவித்தார். சில நாள்களிலேயே வாளி அகப்பட்டது. ஜியோகேச்சிங் பிறந்தது. அந்த வாளியில் ஒரு டின் பீன்ஸும் இருந்தது. இன்று உணவுப் பொருளுக்குத் தடை. மோப்பம் பிடித்து விலங்குகள் வந்துவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு விதிகள் எளிமை. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் சிரமம், தரையின் கடுமை இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டும் 2-ஐத் தாண்டாதிருப்பது உத்தமம். பெட்டியின் அளவையும் பார்க்க வேண்டும். ஃபிலிம் டப்பா அளவுள்ளதில் கையெழுத்திட ஒரு துண்டுக் காகிதம்தான் இருக்கும். பொம்மையை எதிர்பார்த்து நடந்த பிள்ளைக்கு முகம் சுருங்கிவிடும். பெரிய பெட்டியில் ஒன்றை எடுத்தால், சமமான மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். பேனா கையோடு போகட்டும்.

ஆனால் பொட்டல்வெளி பூங்கா அல்ல. கிரான்மியர் இருக்கும் பகுதி ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களத்துக்குள் வருகிறது. சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது. முன்கூட்டியே கால அட்டவணையைப் பார்ப்பது அவசியம். கீழே கிடக்கும் இரும்புப் பொருள் எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. மூடுபனி சொல்லாமல் வரும். செல்போனை மட்டும் நம்பிப் போனவருக்கு பேட்டரி தீர்ந்தால் திசையும் தீர்ந்தது. காகித வரைபடமும் காம்பஸும் இல்லாமல் புறப்படுவது விவேகமல்ல. பாதி வழியில் திரும்புவதும் தோல்வியல்ல.

பழைய லெட்டர்பாக்ஸ் குறிப்புகள் காம்பஸ் கோணத்தில் எழுதப்பட்டவை. தூரத்துப் பாறைக் குன்றை நிமிர்ந்து பார்த்தால்தான் வழி கிடைக்கும். செல்போனின் அம்புக்குறியோ தலையைக் குனிய வைக்கிறது. நடுவழி ஒன்று உண்டு: பெட்டியை நெருங்கும்வரை வரைபடம் பிள்ளையின் கையில், செல்போன் அப்பாவின் பையில். கடைசிச் சில மீட்டரில் செல்போனும் கைவிடும். அங்கே குட்டையான கண்களுக்குத்தான் சாதகம். பாறையின் அடி இடுக்கு பெரியவர்களுக்கு எங்கே தெரிகிறது?

இந்தப் பெட்டிகளுக்குக் காவல் கிடையாது, பூட்டும் கிடையாது. பழங்காலக் கல் சின்னங்களையும் வேலிச்சுவர்களையும் கலைத்து ஒளிப்பதும் தேடுவதும் தவறு. கிடைத்த பெட்டியை மூடி இறுக்கி, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைக்க வேண்டும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அப்படி வைத்துப் போனதால்தான் அது இன்று கிடைத்தது. நாளை வேறொரு குழந்தை அதே இடுக்கில் கைவிடும்போது, அங்கே பெட்டி இருக்க வேண்டும்.