சார்ஜரைக் கழற்றுங்கள், பில்லுக்காக அல்ல



பாவிக்காத சார்ஜரைப் பிளக்கில் விட்டு வைப்பதால்தான் கரண்ட் பில் ஏறுகிறது என்று வட்ஸ்அப்பில் சுற்றும் பதிவைத் தயவுசெய்து பகிராதீர்கள். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாம் வீண்விரயத்தை வெறுப்பது சரிதான். ஆனால் கணக்கு பிழை. போன் மாட்டாத நல்ல சார்ஜர் ஒன்று இழுப்பது 0.1 வோட் அளவுதான். வருடத்தின் 8,760 மணித்தியாலமும் கிடந்தாலும் ஒரு யுனிட் வராது. 1,000 வோட் அயன் ஒரு மணித்தியாலத்தில் அதை முடித்துவிடும். ஆளில்லாத ஹோலில் சுற்றும் 60 வோட் ஃபேனுக்கு 17 மணித்தியாலம் போதும். அந்த ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு பிள்ளையைச் சார்ஜருக்காக ஏசுவது என்ன நியாயம்?

கழற்ற வேண்டிய காரணம் வேறு. நம் சப்ரகமுவப் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மின்னல். சுவிட்சை ஓஃப் பண்ணினால் போதும் என்பார்கள். போதாது. லைன் வழியாக வரும் மின்னல் சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியைத் தாண்டிப் பாயும். பிளக்கையே கழற்ற வேண்டும், அதுவும் இடி தொடங்க முன்னர். முழங்கத் தொடங்கிய பிறகு போய்க் கை வைக்காதீர்கள், சார்ஜர் போனால் போகட்டும்.

இன்னொன்று, பெயரில்லாத மலிவுச் சார்ஜர்கள். உள்ளே 230 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பிரித்து வைக்கும் காப்பு கெட்டுப்போனால் வயர் நுனிக்கே கரண்ட் வந்துவிடும். தவழும் பிள்ளை முதலில் வாயில் வைப்பது அந்த நுனியைத்தான். இதை ஏன் யாரும் பகிர்வதில்லை?