தாடை உடைஞ்சா தட்டு வச்சா போதுமா?

போன மாசம் அத்தை பையன் பைக்ல இருந்து விழுந்துட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனா முகவாயை மூடாத அரை ஹெல்மெட். மண்டை தப்பிச்சது. தாடை மூணு இடத்துல காலி. முகவாய்ல ஒண்ணு, ரெண்டு காதுக்கும் முன்னாடி மூட்டுப் பக்கம் ஒவ்வொண்ணு.

அஞ்சு நாளாகியும் ஆபரேஷன் இல்லை. "கை உடைஞ்சா அன்னைக்கே கட்டுப் போடறீங்க, இவனை ஏன் சார் காக்க வைக்கறீங்க?"ன்னு டாக்டர்கிட்ட குரலை உயர்த்தினது அடியேன்தான். அவர் கோபப்படாம, சிடி ஸ்கேன் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி விளக்கினார். அப்புறம் நானா தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்: காக்க வச்சது சரி, கத்தினது தப்பு.

மூச்சுக்கு ஆபத்தில்லை, ரத்தமும் நின்னுடுச்சுன்னா, வீக்கம் வடிய சில நாள் பொறுக்கலாம். தலையில உள்காயம் இருக்கான்னும் பார்க்கணும். அந்த நாள்ல நடக்கிற திட்டமிடலே பாதி வைத்தியம்.

ஏன்னா இங்க அளவுகோல் எலும்பு இல்லீங்க, பல்லு. மேல்வரிசையும் கீழ்வரிசையும் பழையபடி கடிக்கணும். அதனால முதல்ல பல்லுல கம்பி கட்டி ரெண்டு தாடையையும் பூட்டறாங்க. அப்புறம்தான் டைட்டானியம் தட்டும் திருகும். இவனை மாதிரி கேஸ்ல முகவாயை மட்டும் அவசரமா ஒட்டிட்டு மூட்டை விட்டா கீழ்முகம் அகண்டுடும், முன்பல் சேராது. எலும்பு கூடியும் முறுக்கு கடிக்க முடியாது!

1901-ல பிரான்ஸ்ல ரெனே லெ ஃபோர்னு ஒருத்தர் சடலங்களோட முகத்துல அடிச்சுப் பார்த்து, மேல்தாடை எந்தெந்தக் கோட்டுல உடையும்னு எழுதி வச்சார். இன்னிக்கும் அவர் பேர்லதான் வகை பிரிக்கறாங்க. இப்போ ஸ்கேனை வச்சு நோயாளியோட தாடையையே பிளாஸ்டிக்ல முப்பரிமாணமா அச்சடிச்சு, தட்டை முன்கூட்டியே வளைச்சு வச்சுக்க முடியுது. மயக்கத்துல கிடக்கிற நேரம் குறையும். எல்லா முறிவுக்கும் இது வேணாம். ஆனா எலும்பு நொறுங்கினவங்களுக்கு, காசு இருக்கோ இல்லையோ, அரசு ஆஸ்பத்திரியிலயும் கிடைக்கணும்ங்கிறது என் கட்சி.

அதே சமயம் நாமளும் "எப்போ சார் ஆபரேஷன்?"னு மட்டும் கேட்காம, "என்ன திட்டம் சார்?"னு கேட்கப் பழகணும்.

மாப்ளே இப்போ ஸ்ட்ரா வச்சு கஞ்சி குடிக்கறான். பேச முடியாததால என்னை முறைக்க மட்டும் செய்யறான். :-) நீங்க முகவாயை மூடற முழு ஹெல்மெட்டா வாங்குங்க மக்கா. கஞ்சியை விட அது மலிவு.