குப்பை அள்ள மக்கள். எல்லை வரைய அரசா?

விடுமுறை நாள்களில் காட்டுப் பாதைகளில் குப்பை அகற்றும் தன்னார்வலர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால், துப்புரவுப் பணியை மக்களிடம் விட்டுவிட்டு, காட்டின் எல்லையை வரையும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

2021-இல் பெங்களூருவின் துரஹள்ளிக் காட்டில் மரப் பூங்கா அமைக்க வனத்துறை முற்பட்டது. மக்கள் திரண்டு எதிர்த்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. பன்னேர்கட்டாவில் நிகழ்ந்ததோ வேறு. தேசியப் பூங்காவைச் சுற்றி 268 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பைச் சூழல் கூருணர்வு மண்டலமாக 2016 வரைவு அறிவிக்கை முன்மொழிந்தது. மக்களின் எதிர்ப்பை மீறி, 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட இறுதி அறிவிக்கை அதை ஏறத்தாழ 169 சதுர கிலோமீட்டராகச் சுருக்கியது. கல்குவாரிகளுக்கும் மனை வணிகத்திற்குமே இது ஆதாயம்.

2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வழங்குகிறது. அது ஏட்டளவில் நின்றுவிடலாகாது. தன்னார்வ உழைப்பு, நிரப்பப்படாத வனக் காவலர் பணியிடங்களுக்கு ஈடாகவும் கூடாது.

நகரத்துத் தன்னார்வலர்களும், வனத்தைச் சார்ந்து வாழும் இருளிகர் முதலான பழங்குடியினரும், வனத்துறையின் தற்காலிக ஊழியர்களும் ஓரணியில் திரள வேண்டும். காட்டைக் காப்போர்க்கே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் போராடியே பெற வேண்டும்.